காசில்லாமல் உட்காரும் இடங்கள்

லும்துரி முதலில் கேட்டது அந்தக் குரலைத்தான்.

"ரெட்டை ஆறு உன்கிட்டதான் இருக்கு வெஹிப். உன் மூஞ்சியே சொல்லுது. போடு."

ஏரிப் பூங்காவில், பைன் மரங்களுக்கு அடியில் இருக்கும் கல் மேசைகளில் கிழவர்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைநகரான டிரானாவில் வீட்டில் பொழுது போகாத ஆண்களெல்லாம் வந்து சேருமிடம் அது. காபிக் கடையில் உட்கார்ந்தால் ஒரு காபியாவது வாங்க வேண்டும். பூங்காவில் ஒன்றும் வாங்க வேண்டாம். இருட்டும்வரை யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகத்தான் லும்துரி வந்திருந்தாள். குரல் வந்த பக்கம் திரும்பியபோது, நரைத்த தலையில் தொப்பியும் இஸ்திரி போட்ட கோட்டுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. தெருவில் எதிரே வந்திருந்தால் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. குரல் மட்டும் மாறவே இல்லை.

அந்தக் குரலை அவள் கடைசியாகக் கேட்டது ஒரு பள்ளிக்கூட விழா மண்டபத்தில். மேடையில் நீதிபதிகள். கீழே பெஞ்சுகளில் ஆசிரியர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கட்டாயமாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய கணவன் பெத்ரித், பூகோள ஆசிரியன், தலையை மொட்டையடித்து நிறுத்தப்பட்டிருந்தான். சாட்சி சொல்ல வந்தவன் அதே பள்ளியில் வேலை பார்த்த ஹுஸ்னி. வாரத்தில் இரண்டு நாளாவது இவர்கள் வீட்டில் சாப்பிட்டவன். லும்துரி கீரை வைத்துச் சுடும் அடையின், பொரேக்கின், ஓரத் துண்டுகள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றவன்.

"ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது குற்றவாளி என்னிடம் சொன்னார்: மீனுக்குத் தீனி போட ஆள் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை." ஹுஸ்னி அதைப் பாடம் ஒப்பிப்பதுபோலத் திருத்தமாகச் சொன்னான். பெத்ரித்தின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்சியைப் பழித்ததாக, அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பெத்ரித் மலைச் சுரங்கச் சிறைக்குப் போனான். லும்துரியையும் கைக்குழந்தையையும் சதுப்பு நிலத்துக் கிராமம் ஒன்றுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே அவள் பருத்தி பறித்தாள், வாய்க்கால் தோண்டினாள். திரும்பி வந்த பெத்ரித்துக்கு நுரையீரலே மிச்சமில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து, ஜனங்கள் சிலைகளைக் கயிறு கட்டி இழுத்த குளிர்காலத்தை அவன் பார்க்கவில்லை. மகள் வியோல்சா வளர்ந்து, கப்பலேறி இத்தாலிக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டாள். லும்துரி தனியாக டிரானாவுக்குத் திரும்பி, ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். ஹுஸ்னி வேறு ஊரில் தலைமையாசிரியர் ஆகிவிட்டார் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. இங்கே இருப்பார் என்று அவள் நினைத்ததில்லை.

மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மீனுக்குத் தீனி போட ஆள் இருக்கு, நமக்குத்தான் இல்ல" என்றாள்.

ஹுஸ்னியின் கையிலிருந்த காய் மேசையில் விழுந்தது. எதிரே இருந்த வெஹிப், பழைய பஸ் டிரைவர், வாய் ஓயாதவர், சிரித்துவிட்டார்.

"என்னம்மா பேசறீங்க? மீன் வாங்க வந்தீங்களா? யாரு நீங்க?"

"வாத்தியாருக்குத் தெரியும். அவரையே கேளுங்க."

அவள் போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசலில் வாங்கிய சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கடித்துத் தோலைத் துப்பினாள். வேறொன்றும் செய்யவில்லை. ஹுஸ்னி அந்த ஆட்டத்தில் தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். பிறகு தலைவலி என்று எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு அவள் பல வருஷங்களில் தூங்காத தூக்கம் தூங்கினாள்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கிழவர்கள் கொஞ்சம் திட்டுவார்கள், கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், 'அந்தக் காலம் அப்படி' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், அப்புறம் மறுபடியும் டோமினோ ஆடுவார்கள். அப்படி முடிய அவள் விடப்போவதில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்று அந்த ஆள் நடுங்க வேண்டும். மண்டபத்தில் கடைசி பெஞ்சில், அடுத்து யாரைக் கூப்பிடுவார்களோ என்று அவள் உட்கார்ந்திருந்தாளே, அதுபோல.

ஒரு வாரத்துக்குப் பிறகு ஹுஸ்னி ஏரிப் பூங்காவுக்கு வருவது நின்றது.

லும்துரி அவரைத் தேடிக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்படவில்லை. மகள் வீட்டில், லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடியில், பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கும் டிவிக்கும் நடுவே இருக்கும் கிழவர் என்று டோமினோ மேசைப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. ஓய்வூதியம் மருந்துக்கே பற்றாது. அப்படிப்பட்டவர் போகக்கூடிய இடங்கள் அவளும் போகக்கூடிய இடங்கள்தான். நகர நடுவில் இருக்கும் பூங்காவில், நீரூற்றுக்குப் பக்கத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். பேப்பர் உயர்ந்தது. வெகுநேரம் ஒரு பக்கமும் திருப்பப்படவில்லை.

"அங்கிளுக்கு நீங்க தெரிஞ்சவங்களா?" என்று பக்கத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள். "பேப்பருக்கு மேலேர்ந்து உங்களையே பாத்துட்டு இருக்காரே."

"தெரிஞ்சவங்கதான். எப்படின்னு அவரையே கேளும்மா."

ஹுஸ்னி எழுந்தார்.

அக்டோபரில் அவர் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் மரத்தோட்டத்துக்கு மாறினார். மழை பிடித்ததும், பழைய நிலப்பிரபு ஒருவரின் வீட்டை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்களே, அதற்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது, கீழ் அறையில் ஹீட்டர் உண்டு. செம்புப் பாத்திரங்களுக்கும் கல்யாணத் துணிகளுக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி. ஹுஸ்னி அதில் உட்கார்ந்து தூங்குவார். காவலாளிப் பையனுக்கு அவர்மேல் இரக்கம். லும்துரி போன முதல் நாள், அவளுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஹுஸ்னி கண்ணைத் திறந்தபோது அவள் ஒரு பழைய தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடவுளே" என்றார் மெதுவாக.

"உங்க ஆட்சியில கடவுளையே தடை பண்ணியிருந்தீங்களே" என்றாள்.

கடைசியில் அவர் வாயைத் திறந்தது ஓவியக் கூடத்தில். மாதக் கடைசி ஞாயிறு அங்கே எல்லோருக்கும் இலவசம். கூட்டத்தில் தப்பலாம் என்று நினைத்திருப்பார். கொதிக்கும் இரும்பு உலைக்கு முன்னால் சிரித்த முகத்துடன் நிற்கும் தொழிலாளிகளின் பெரிய படம் ஒன்று இருந்தது. அதற்கு எதிரே போட்டிருந்த வெல்வெட் மெத்தைப் பெஞ்சில் லும்துரி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை எதிரே இல்லை, பக்கத்தில்.

"உனக்கு என்னதான் வேணும் லும்துரி?" அவர் படத்தைப் பார்த்தபடியே கேட்டார். "நான் செத்துப் போகணுமா?"

"வேண்டாம். நல்லா இருங்க."

"போலீஸ்ல என்னைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு ராத்திரி நிக்க வச்சாங்க. எனக்கும் அப்போ சின்னக் குழந்தை."

"எனக்கும்தான்."

"நான் சொல்லலன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பாங்க. அப்போ நான் அவங்க பின்னாடி போயிருப்பேன்."

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஹுஸ்னி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிப்புக் கேட்டா விட்டுடுவியா?"

"கேட்டுப் பாருங்க."

உதடு ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு, "என்னை மன்னிச்சிடு" என்றார். குரல் உடைந்துதான் வந்தது.

லும்துரி விதைப் பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "சரி. கேட்டாச்சு" என்றாள். "நாளைக்கு எங்கே போறீங்க?"

அதன்பிறகு அவரை எங்கும் காணவில்லை. டிசம்பர் முழுவதும் அவள் தேடிப் போனாள். நீரூற்றுப் பூங்காவில் இல்லை. மரத்தோட்டத்தில் இல்லை. அருங்காட்சியகத்தில் மர நாற்காலி காலியாக இருந்தது. "அந்தத் தாத்தா இப்ப வர்றதே இல்லம்மா" என்றான் காவலாளிப் பையன். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சூடு காய்ந்தாள். இந்த ஊரில் காசில்லாமல் உட்காரக்கூடிய இடம் ஒன்றுகூட அந்த ஆளுக்கு இல்லாமல் செய்துவிட்டோம் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. ஐந்தாவது மாடி, டிவி, ஜன்னல். பெத்ரித்துக்கு ஜன்னலும் இருந்ததில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் இனிப்புப் பெட்டி. நனைந்த குடையை வெளியிலேயே சாய்த்து வைத்தாள்.

"என் பேரு மிமோசா. ஹுஸ்னி வாத்தியாரோட பொண்ணு. பூங்காவில கேட்டுக் கேட்டு உங்க வீட்டைக் கண்டுபிடிச்சேன்."

லும்துரி அவளை உள்ளே விட்டாள். வாசலில் நிறுத்திப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. காபி போட்டாள். மிமோசா வெட்கப்படுபவள்போலக் கையைப் பிசைந்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்பா வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்கிறாரு. சாப்பாடு இறங்கல. நான் விடாமக் கேட்டேன். கடைசியில சொல்லிட்டாரு."

லும்துரியின் கை கோப்பையிலேயே நின்றது. "என்ன சொன்னாரு?"

"உங்களப் பத்தி. அந்தக் காலத்துல நீங்க அவரை விரும்பினீங்க, அவர் எங்கம்மாவக் கட்டிக்கிட்டாரு, நீங்க மனசு ஒடிஞ்சு போயிட்டீங்கன்னு." மிமோசா அவசரமாகத் தொடர்ந்தாள். "நான் தப்பா நினைக்கல. அம்மா போயே ரொம்ப வருஷமாச்சு. டோமினோ ஆடறவங்ககிட்டயும் அப்பா முன்னாடியே சொல்லிட்டாராம், வெஹிப் மாமா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 'உங்கப்பனுக்கு இந்த வயசுல ஒரு ஆள் வந்திருக்கு, சேத்து வைம்மா'ன்னாரு. நீங்க ரெண்டு பேரும் சும்மா பேசிக்கிட்டு இருக்கிறதுன்னா எனக்கு ஒண்ணும்..."

லும்துரி சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிமோசாவும் விவரம் புரியாமல் கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள்.

பிறகு லும்துரிக்கு விளங்கியது. செப்டம்பரிலிருந்து தான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெஞ்சிலும், பார்த்தவர்களுக்கு அவள் காதலுக்கு ஏங்கும் ஒரு கிழவி. அவர் இரண்டாம் முறையும் சாட்சி சொல்லியிருக்கிறார். இந்த முறை அவளைப் பற்றி. இந்த முறை யாரும் அவரை இரவெல்லாம் நிற்க வைக்கவில்லை.

"மிமோசா, இப்படி என் எதிர்ல உட்காரு."

எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபம், மேடை, அந்த வாக்கியம், லாரி, சதுப்பு நிலம், குழந்தைக்கு வந்த காய்ச்சல், பெத்ரித் திரும்பி வந்தபோது வாசற்படி ஏற முடியாமல் நின்றது. குரலை உயர்த்தவில்லை. மிமோசா முதலில் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். இந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லையே என்று நடுவில் ஒருமுறை லும்துரிக்குத் தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை. வியோல்சா மட்டும் என்ன செய்தாள்?

"எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரு" என்றாள் மிமோசா. "பொய் சொன்னா சாப்பாடு கிடையாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்தாரு."

"இருக்கும்."

"நீங்க என்கிட்ட வேணும்னே சொல்றீங்க. அவரை ஒண்ணும் பண்ண முடியாம."

"ஆமாம்" என்றாள் லும்துரி. "வேணும்னேதான் சொல்றேன்."

மிமோசா எழுந்து போனாள். இனிப்புப் பெட்டி மேசையில் இருந்தது. லும்துரி அதைத் திறக்காமல் கீழ் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. லும்துரி தன்னிடமிருந்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிப் பூங்காவுக்குப் போனாள். ஈரம் படாமலிருக்கக் கல் மேசையில் அட்டையை விரித்து டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். வெஹிப் அவளைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"வாங்க வாங்க, மாப்பிள்ளை இன்னும் வரல. வெட்கத்துல வீட்டுக்குள்ளயே இருக்காரு."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"வெஹிப், நீங்க பஸ் ஓட்டினவருதானே?" என்றாள். "வடக்கே, சுரங்கத்துப் பக்கம் போற ரோடு தெரியுமா?"

வெஹிப்பின் சிரிப்பு குறைந்தது. "தெரியும். எங்க பெரியப்பா பையன் அங்கதான் இருந்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

"என் வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாரு. யாரு அனுப்பினாங்கன்னு சொல்லட்டுமா? நான் அவரைக் காதலிச்சதா ஒரு கதை சொன்னாரே, அவருதான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அவர் வீட்டுக்கு வந்து பொரேக் தின்றது உட்பட. பக்கத்து மேசையிலும் ஆட்டம் நின்றது. அவள் பயந்த அந்த வார்த்தையை ஒருவர் சொல்லத்தான் செய்தார்: "அந்தக் காலம் அப்படி." வெஹிப் அவர் பக்கம் திரும்பினார்.

"காலமா வந்து கீரை பொரேக் தின்னுச்சு? வாய மூடு."

பிறகு அவளிடம், கண்ணைப் பார்க்காமல், "நான் பேசினது தப்பு, தங்கச்சி" என்றார். நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். டோமினோ அவளுக்குத் தெரியாது. அன்று வெறுமனே பார்த்தாள்.

ஹுஸ்னியை அவள் மறுபடி பார்த்தது மார்ச்சில். வெஹிப்தான் முன்பே சொல்லியிருந்தார். மகள் அவரைத் துரத்தவில்லை, சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள். ஆனால் பேசுவதில்லை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவரும் கிளம்பிவிட வேண்டும், அவள் வந்து கதவைத் திறக்கும்வரை உள்ளே வரக்கூடாது, பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. அதனால் மழையோ வெயிலோ, அவர் நாள் முழுக்க வெளியில். பூங்கா திறக்கும்போது பூங்கா, அருங்காட்சியகம் திறக்கும்போது அருங்காட்சியகம், அது மூடினால் மறுபடி பூங்கா.

"எங்க மேசைக்கும் ஒரு நாள் வந்தாரு" என்றார் வெஹிப். "காயெல்லாம் பெட்டியில போட்டு மூடிட்டோம். கொஞ்ச நேரம் நின்னாரு, போயிட்டாரு."

ஏரிக்கரையில், அணைக்குப் பக்கத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கோட்டில் இஸ்திரி இல்லை. லும்துரி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, ஓடவில்லை, பேப்பரை உயர்த்தவில்லை. ஒதுங்கி இடம் விட்டார். கையால் பலகையைத் துடைத்தும் விட்டார்.

"உட்காரு லும்துரி."

அவள் நின்றாள்.

"கொஞ்ச நேரம்" என்றார். "முன்னாடி உட்காருவியே, அந்த மாதிரி. பேச வேண்டாம்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில இருந்து யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் கண் முன்னே இருந்தது பலகையைத் துடைத்த ஒரு கிழவனின் கை. இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தால் அதையும் அடக்கிவிடலாம் என்று தயாராகவே இருந்தாள். இல்லை.

"எனக்கு நடக்கணும்" என்றாள். "டாக்டர் சொல்லியிருக்காரு."

அவர் ஏதோ சொன்னது பின்னால் கேட்டது. அவள் திரும்பவில்லை. அணையைத் தாண்டி, மறுகரையில், கரிச்சட்டியில் சோளம் வாட்டி விற்பவளிடம் ஒன்று வாங்கினாள். உப்பு அதிகம் போடச் சொன்னாள். வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. இத்தனை மாதங்களாக இந்த ஏரிக்கு வந்து போய்க்கொண்டிருந்தும், இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. சேற்றோரத்தில் வாத்துகள் இருந்தன. இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்திருந்தார்கள்.

அன்று மாலை வியோல்சா இத்தாலியிலிருந்து போன் செய்தாள்.

"இன்னிக்கு எங்கேம்மா போனே? குரல் வேற மாதிரி இருக்கு."

"ஏரியச் சுத்தி நடந்தேன். முழுசா ஒரு சுத்து."

"கால் வலிக்கலையா?"

"வலிக்குது" என்றாள் லும்துரி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு. "பரவாயில்ல. நாளைக்கு பூங்காவுல எனக்கு டோமினோ கத்துத் தர்றாங்க. உட்கார்ந்தே ஆடலாம்."